"கிளட்ச் புதுசு" என்று சொல்லிப் பழைய பிக்கப்பை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பழைய மேனுவல் கியர் பிக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "கிளட்ச் இப்பதான் மாத்தினது, இன்னும் பல வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லி எனக்கு ஒரு டீசல் பிக்கப்பை விற்றார்கள். முதல் தடவை லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றும்போதே இன்ஜின் சத்தம் மட்டும் எகிறுகிறது, வண்டி ஏறவில்லை, கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை கேபினுக்குள் வந்துவிட்டது.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். கிளட்ச் பிளேட் (இன்ஜின் சுழற்சியைப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற தட்டு) உண்மையிலேயே புதுசுதான், அதில்தான் எனக்கு ஆத்திரமே. அதன் உராய்வுப் பட்டையான ஃபேசிங் தடிமனாக இருந்தது, ரிவெட் தலைகள் நல்ல ஆழத்தில் இருந்தன. ஆனால் மேற்பரப்பு முழுக்கக் கறுத்து மினுமினுப்பாக இருந்தது, விரலால் தடவினால் ஆயில் பிசுக்கு. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்துகொண்டிருக்க, அதை அப்படியே விட்டுவிட்டு வெறும் பிளேட்டை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் பழசு. பிளேட் போய் ஒட்டுகிற இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் சூடேறிய நீலத் திட்டுகள், அதோடு பழைய பிளேட்டின் ரிவெட் உரசிப் போட்ட வட்டக் கோடுகள். இந்த ஃபிளைவீலைக் கண்ணால் பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் இது நிற்காது என்று தெரிந்திருக்கும். தெரிந்தே மூடினார்கள்.

வண்டி பார்க்கப் போனபோது லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன், விற்றவர் இன்ஷூரன்ஸ் அது இது என்று சொல்லி மறுத்துவிட்டார். காலி வண்டியில், சமதளச் சாலையில், இன்ஜின் சூடேறுவதற்குள் ஒரு சின்ன ரவுண்டு, அவ்வளவுதான். அப்புறம் நம்பிக்கை வரவைக்க ஒரு வேலை செய்து காட்டினார்: ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டார், இன்ஜின் டக்கென்று அணைந்தது. "பாருங்க, எப்படிப் பிடிக்குது!" இந்தச் சோதனையை நம்பவே நம்பாதீர்கள். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, இன்ஜின் தருகிற டார்க் (சுழற்று விசை) ரொம்பக் கம்மி, பாதி செத்த கிளட்ச்கூட அதைப் பிடித்துவிடும். இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் போய்விட்டது என்று சொல்லலாம், அணைந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பெடலை வைத்துக் கணக்குப் போடுவதிலும் கவனம் வேண்டும். பெடல் மேலே வந்து பிடித்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்பது பெடலைக் கேபிளால் கிளட்ச்சோடு இணைத்த வண்டிக்குச் சரி. பிளேட் மெலிய மெலிய பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் அந்த விரல்களைத் தள்ளுகிற பேரிங்) பக்கம் வெளியே வரும், ஃப்ரீ பிளே (பெடலின் ஆரம்ப வெற்று அசைவு) குறையும், பிடிக்கும் இடம் மேலே ஏறும். ஆனால் கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைக் கொஞ்சம் திருகினால் இந்த அடையாளத்தை மறைத்துவிடலாம், விற்கிறவர்களுக்கு அது நிமிட வேலை. திரவ அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் தேய்மானத்துக்கு ஏற்ப கிளட்ச் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் பின்னால் போய்விடும், பெடல் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பிடிக்கும். அதில் பெடல் ரொம்பக் கீழே பிடித்தாலோ, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கடித்தாலோ பிளேட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் திரவம் கசிகிறதா, காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெடல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் பெரும்பாலும் தேய்ந்த செட்தான்.

சரி, உண்மையில் எப்படிப் பார்ப்பது? இன்ஜினும் கிளட்ச்சும் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள், முடிந்தால் பின்னால் எடை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்றச் சாலையில் நான்காவது அல்லது டாப் கியரில், 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) வாக்கில் வண்டி போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். ஆர்பிஎம் மட்டும் தாவி, வேகம் அங்கேயே நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, உடனே காலை எடுத்துவிடுங்கள். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில் காதே போதும். முதல் கியரில் இதைச் செய்து பயனில்லை, ஃபோர் வீல் லோ ரேஞ்சிலும் அப்படித்தான், அங்கே கிளட்ச்சுக்குப் போகிற பளு குறைவு. விற்கிறவர் இந்த ஒரு சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

அப்புறம் கீழே படுத்துப் பாருங்கள். எனக்கு விற்ற வண்டியில் சேஸிஸ் முழுக்கச் சேறு காய்ந்திருந்தது, கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடிப்பாகம் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கிளட்ச் வேலை பார்த்தபோது துடைத்தது என்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரமோ, அங்கே மட்டும் தனியாகச் சுத்தமோ இருந்தால் ஆயில் சீலைப் பற்றிக் கேளுங்கள். சிலர் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக பிரேக் கிளீனர் அடித்துப் பிளேட்டைத் தற்காலிகமாக உலர வைத்துவிடுவார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்ட அது போதும், சீல் கசிந்தால் பழைய கதைதான். சத்தமும் கேளுங்கள்: பெடலை மிதித்தால் வருகிற கீச்சுச் சத்தம் ரிலீஸ் பேரிங், நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து மிதித்தால் நிற்கிற சத்தம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

"மாத்தியாச்சு" என்றால் என்னென்ன மாற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் இருக்க வேண்டும், கசிவு இருந்திருந்தால் சீலும், ஃபிளைவீலைக் கடைசல் பிடித்ததும். வெறும் "கிளட்ச் வேலை" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பில் எதற்கும் உதவாது. கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்றும் கேளுங்கள்.

எனக்கு விற்றவரிடம் படங்களோடு போய் நின்றேன். "நான் கிளட்ச் பிளேட் புதுசுன்னுதானே சொன்னேன், சீலைப் பத்தி நீங்க கேக்கலையே" என்றார். அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை. வாங்குகிறவர்கள் "கிளட்ச் செட், ஆயில் சீல், ஃபிளைவீல் நிலை" என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் கிளட்ச் போனதாகவே கணக்கு வைத்து, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலியோடு சேர்த்து விலையில் கழித்துப் பேசுங்கள்.