ஃபெரெட்டுகளுக்கு உண்ணித் தொல்லை: பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்த கருவிகளும் மருந்துகளும்

கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட வளர்ப்பு விலங்கான ஃபெரெட்டை வார்ப்பட்டை மாட்டிப் புல்வெளியில் உலவ விடுபவர்கள் இன்றில்லாவிட்டால் நாளை உண்ணியைச் சந்தித்தே தீருவார்கள். புல்லின் நுனியில் ஏறி, முன்கால்களை விரித்துக்கொண்டு, கடந்து செல்லும் விலங்கின் மூச்சுக்காற்றையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்து தொற்றிக்கொள்வது உண்ணியின் இயல்பு. புதருக்குள்ளும் வேலி இடுக்குகளிலும் தலையை நுழைத்து முகர்ந்து திரிவது ஃபெரெட்டின் இயல்பு. இரண்டும் சந்திப்பதைத் தடுக்க முடிவதில்லை. என்னிடம் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு ஃபெரெட்டுகள் உள்ளன. அவற்றுக்காகப் பல பருவங்களாக, தோலின் மேல் விடும் சொட்டு மருந்தையும் உண்ணி நீக்கும் கருவிகளையும் பயன்படுத்தி வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் விரல்களால் தடவிப் பார்ப்பதே முதன்மையான பாதுகாப்பு, மருந்து அதற்குத் துணை மட்டுமே.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயை உண்டாக்கும் போரெலியா பாக்டீரியா உண்ணியின் குடலில் தங்கியிருந்து, அது இரத்தம் உறிஞ்சத் தொடங்கிய பிறகே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்கிறது என்பதால், நோய் தொற்றுவதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அன்றன்றைக்கே உண்ணியை எடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். எல்லாக் கிருமிகளும் இவ்வளவு அவகாசம் தருவதில்லை. உண்ணிவழி மூளையழற்சியை உண்டாக்கும் வைரஸ் உமிழ்நீரிலேயே இருப்பதால் கடித்த சிறிது நேரத்திலேயே பரவக்கூடும். ஆகவே, இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல், வீட்டுக்குள் நுழைந்தவுடன் சோதிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

சோதிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முடியின் போக்குக்கு எதிராக, மூக்கிலிருந்து வால் வரை விரல் நுனிகளை மெதுவாக நகர்த்த வேண்டும். காது மடலின் உட்புறம், மோவாய்க்குக் கீழே, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரல்களின் இடைவெளி, ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். வார்ப்பட்டை படிந்திருந்த இடத்தை விட்டுவிடக் கூடாது. இரத்தம் குடித்து உப்பிய உண்ணி பட்டாணி போலக் கையில் தட்டுப்படும். ஆனால் இளம் உண்ணி எள்ளளவுகூட இருக்காது. அடர்ந்த குளிர்கால முடிக்குள் அதை விரலால் உணர்வது கடினம் என்பதால், முடியை ஊதிப் பிரித்து டார்ச் வெளிச்சத்தில் தோலைப் பார்க்கிறேன். கோடையில் முடி உதிர்ந்து மெலிந்த பிறகு இந்த வேலை எளிதாகிவிடுகிறது.

கையில் தட்டுப்படுவதெல்லாம் உண்ணி அல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆண் ஃபெரெட்டுக்கும் வயிற்றில் முலைக்காம்புகள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அவற்றை உண்ணி என்று எண்ணி இழுத்துவிடக்கூடும். அதேபோல், ஃபெரெட்டுகளுக்குத் தோலில் பரவலாக வரும் மாஸ்ட் செல் கட்டி, சிறிய தடித்த முடிச்சாக எழும்பி, மேலே பொருக்குத் தட்டியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: உண்ணியாக இருந்தால் தோலை ஒட்டினாற்போல் கால்கள் தெரியும், முட்டையிலிருந்து வந்த புதுக்குஞ்சுக்கு ஆறு கால்கள், அதற்கடுத்த பருவங்களுக்கு எட்டு. கால்கள் தெரியாத எதையும் நான் தொடுவதில்லை, மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன்.

நீக்கும் கருவிகளில், பிளவுபட்ட நுனியுள்ள சிறிய பிளாஸ்டிக் கொக்கியே எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. அதன் பிளவைத் தோலோடு ஒட்டி உண்ணிக்கு அடியில் செருகி, லேசாகத் தூக்கியபடி மெல்லத் திருகினால், உண்ணியின் வயிறு நசுங்காமலே பிடி விட்டுவிடுகிறது. பெரியது, சிறியது என இரு அளவுகளில் விற்கிறார்கள். ஃபெரெட்டுக்குச் சிறியதே பொருந்தும். கூர்நுனி இடுக்கியும் நல்ல கருவிதான். அதைப் பயன்படுத்தும்போது திருகாமல், தோலுக்கு மிக அருகில் பிடித்து, சீரான விசையுடன் நேராக இழுக்க வேண்டும். ஆனால் ஃபெரெட்டின் அடிமயிர் மிகவும் அடர்த்தியானது என்பதால் இடுக்கியில் முடியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்; வலியெடுத்த விலங்கு திமிறும். வங்கிக் கடன் அட்டை வடிவில் வரும் தட்டையான உண்ணி அட்டை அகலமாக இருப்பதால் அக்குளிலும் விரலிடுக்கிலும் நுழைவதில்லை. அதை இந்த விலங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வேலைக்கு இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் பிடரித் தோலைப் பற்றித் தூக்கி, உடலின் எடையைக் கீழிருந்து தாங்க வேண்டும். பெரும்பாலான ஃபெரெட்டுகள் அந்த நிலையில் கொட்டாவி விட்டுத் தளர்ந்துவிடும். அடங்காதவற்றுக்குக் கரண்டியில் சிறிது மீன் எண்ணெயை நக்கக் கொடுக்கலாம். இனிப்புப் பசைகள் வேண்டாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி வருவது இவற்றுக்குச் சாதாரணம்; அது இருந்தால், இனிப்புக்குப் பின் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கித் தளர்ச்சி வரும். உண்ணியின் மீது வாசலின், நகப்பூச்சு, எண்ணெய் தடவுவதும், தீக்குச்சியால் சுடுவதும் அறவே கூடாது. உண்ணி விடுபடும் வரை காத்திருப்பதில் நேரம் வீணாவதோடு, அது தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் கக்கவும் வழியாகும். வாயுறுப்பின் துணுக்கு தோலில் தங்கிவிட்டால் தோண்ட வேண்டியதில்லை. தோலே அதை நாளடைவில் வெளித்தள்ளிவிடும். எடுத்த உண்ணியை நசுக்காமல் ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் போட்டு, தேதி எழுதி வைத்துக்கொள்கிறேன். காயத்துக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி போதும்.

மருந்துகளில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஃபெரெட்டுகளுக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும் இமிடாக்லோப்ரிட், மாக்சிடெக்டின் கலவை, தெள்ளுப்பூச்சிக்கும் இதயப்புழுவுக்கும் உரியது, உண்ணியைக் கட்டுப்படுத்தாது. பெட்டியின் மேல் ஃபெரெட் படம் இருப்பதாலேயே உண்ணிக்கும் ஆகும் என்று நம்பிவிடக் கூடாது. ஃபிப்ரோனிலும் எஸ்-மெத்தோப்ரீனும் சேர்ந்த, பூனைகளுக்கான சொட்டு மருந்து ஐரோப்பாவில் ஃபெரெட்டுகளுக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விலங்குக்கு 0.5 மில்லி, உண்ணிக்கு எதிராக நான்கு வாரப் பாதுகாப்பு. மருத்துவரின் ஆலோசனையுடன் நான் பயன்படுத்துவது இதைத்தான். போட்ட பிறகும் உண்ணி வந்து ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் உப்பாமல், காய்ந்து சுருங்கிய நிலையில் கிடைக்கிறது. பிடரியில் நக்க முடியாத இடத்தில் விட்டு, காயும் வரை இரண்டு ஃபெரெட்டுகளையும் தனித்தனியே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றையொன்று நக்கிவிடும். இரண்டு நாள்களுக்குக் குளிப்பாட்டக் கூடாது.

நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தை ஒருபோதும் ஃபெரெட்டுக்குப் போடக் கூடாது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள பெண் ஃபெரெட்டுக்கு, பெரிய நாயின் குழாயில் கொஞ்சம் என்று கண்ணளவில் பிரித்துக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். கழுத்தில் கட்டும் உண்ணிப் பட்டைகளையும் நான் தவிர்க்கிறேன். வளைந்து நெளியும் உடம்பு என்பதால் பட்டைக்குள் காலோ தாடையோ சிக்கிக்கொள்ளும், கடித்துத் தின்றும்விடும். அடிக்கடி குளிப்பாட்டுவதும் உண்ணியைத் தடுக்காது. தோல் வறண்டு, வாடைதான் கூடும்.

பழுப்பு நாய் உண்ணி மட்டும் வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே வீட்டில் நாயும் இருந்தால் அதற்கும் உரிய மருந்து கட்டாயம் வேண்டும். ஃபெரெட்டுகள் படுக்கும் தூளியையும் போர்வைகளையும் 60 பாகை வெந்நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் காயவைக்கிறேன். உண்ணியைக் கொல்வது இந்த அதிக வெப்பமே.

உண்ணியை எடுத்த பின் சில வாரங்கள் பசி, சுறுசுறுப்பு, ஈறுகளின் நிறம், நடை ஆகியவற்றைக் கவனித்து வர வேண்டும். குறிப்பாக, பின்னங்கால்கள் தள்ளாடினால் வயதாகிவிட்டது என்றோ, கணையக் கட்டி என்றோ நாமாக முடிவுகட்டிவிடக் கூடாது. சிலவகை உண்ணிகளின் நஞ்சும் பின்னங்காலில் தொடங்கி உடல் முழுவதையும் செயலிழக்கச் செய்யும். அத்தகைய நிலையில் உடல் முழுவதும் மீண்டும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தேதி எழுதிய குப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.