முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு: ஜெய்ப்பூர் கால் பற்றியும் அது கிடைத்த இடம் பற்றியும்

மதுரையில் ஒரு அறக்கட்டளை நடத்தும் செயற்கைக்கால் கூடத்தில் ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சர்க்கரை நோயில் புண் ஆறாமல் போய் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கு வயது 47, ப்ளவுஸ் தைப்பது தொழில். கால் வாங்கும் முன் தேடிப் பார்த்தபோது எடை, விலை, எத்தனை வருடம் உழைக்கும் என்பதெல்லாம் கிடைத்தது. கால் போன பிறகு மனசு என்ன பாடுபடும், அதற்கு அங்கே என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கால். இந்தப் பாதம் 1968-இல் ஜெய்ப்பூரில் உருவானது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. அதற்கு முன் இருந்த செயற்கைப் பாதங்கள் பெரும்பாலும் ஷூவுக்குள் போடுவதற்கென்றே செய்தவை. நாமோ வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, தரையில் உட்காருகிறோம், கோயிலுக்கு வெறுங்காலோடு போகிறோம். இது ரப்பரில் வார்த்த பாதம் என்பதால் வெறுங்காலாகவே நடக்கலாம், ஈரத்தில் வைக்கலாம், கணுக்கால் வளைவதால் குத்துக்காலிடவும் சம்மணம் போடவும் முடியும். சம்மணம் போட எனக்கு நாளாயிற்று, ஆனால் வந்துவிட்டது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு விடியற்காலையில் போய் ஆடி வீதியை மெதுவாகச் சுற்றினேன். கல்லின் குளிர்ச்சி வலது பாதத்துக்கு மட்டும்தான் தெரிந்தது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து அழுதேன். நடக்க முடிந்த சந்தோஷமும் அதில் இருந்தது, போன காலுக்கான துக்கமும் இருந்தது. (சர்க்கரைக்காரர்கள் வெயில் ஏறிய பிறகு போகாதீர்கள். மிச்சமிருக்கும் பாதத்தில் கொப்புளம் வந்தால் அதையும் இழக்க நேரிடும்.)

அளவெடுக்கும் முறை எளிதுதான். தையல் புண் ஆறி, கிரேப் பேண்டேஜை எட்டுப் போடுவது மாதிரி சுற்றிச் சுற்றி வீக்கம் வற்றிய பிறகு போக வேண்டும். மிச்சமுள்ள காலை அங்கே ஸ்டம்ப் என்கிறார்கள். அதன் மேல் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்து, ஸ்டம்ப் உள்ளே நுழையும் கூட்டைச் செய்கிறார்கள், அதற்குப் பெயர் சாக்கெட். முதல் சில மாதங்களில் ஸ்டம்ப் இன்னும் சிறுத்துக்கொண்டே போகும். அப்போது கால் லொடலொடவென்று ஆடும். பயந்துவிடாதீர்கள், ஸ்டம்பின் மேல் சாக்ஸ் கூடுதலாகப் போட்டு, அதுவும் போதாதபோது சாக்கெட்டை மாற்றித் தருவார்கள். இரவில் கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்து ஸ்டம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் செயற்கைக்காலைப் போடாமல் போய்க் காட்டுங்கள்.

குறைகளும் உண்டு. கனம் அதிகம். சித்திரை, வைகாசியில் சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்குகிறது. தையல் மெஷின் பெடல் அந்தப் பாதத்துக்குத் தட்டுப்படவே இல்லை, மோட்டார் வைத்துக்கொண்டேன். அப்புறம் மெட்டி. என்னுடைய ரப்பர் பாதத்தில் விரல்கள் ஒட்டியே இருக்கின்றன, நடுவில் கோடு மட்டும்தான், மெட்டி மாட்ட வழியில்லை. ஆண்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கல்யாணத்தில் அம்மியில் கால் வைத்துப் போட்டுக்கொண்டதிலிருந்து கழற்றாத மெட்டி அது.

இனி மனசு. கால் எடுத்த வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "உயிர் தப்பிச்சதே பெரிசு." உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு அழ இடமில்லாமல் போகிறது. அடுத்தது சுதா சந்திரன். 1981-இல் திருச்சி பக்கம் நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்து, இதே ஜெய்ப்பூர் காலோடு மறுபடி பரதம் ஆடியவர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ராத்திரியில் சுவரைப் பிடித்து பாத்ரூம் வரை போவதே மலையாக இருந்த நாட்களில், பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவர் பெயரைச் சொல்லச் சொல்ல, நான் துக்கப்படுவதே தப்போ என்று தோன்ற ஆரம்பித்தது. கால் போனவரைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து உதாரணம் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள், போதும்.

அந்தக் கூடத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு நீள பெஞ்சுதான். புதிதாக அளவு கொடுக்க வந்தவரும், பட்டை அறுந்து பழுதுபார்க்க வந்த பழைய ஆளும் அதில்தான் உட்கார வேண்டும். என்னைப் பொறுத்தவரை அங்கே கிடைக்கும் சிகிச்சையில் பாதி அந்த பெஞ்சில்தான் நடக்கிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏந் தாயி, எடுத்த கால என்ன பண்ணாங்க?" என்றார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. தினமும் எனக்குள் ஓடிய கேள்வியும் அதுதான். தெரியாது என்றேன். "வீட்டுல போய்க் கேளு. ஒங் காலு, நீதான் கேக்கணும்" என்றார்.

கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவதாகச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. பீரோவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார், ஆபரேஷனுக்கு முன் கழற்றிய மெட்டி உள்ளே இருந்தது. நான் தாங்கமாட்டேன் என்று அவரும், அவர் தாங்கமாட்டார் என்று நானும் பேசாமலே இருந்திருக்கிறோம். அன்று ராத்திரி இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். அதற்குப் பிறகுதான் புதுக் காலை என் கால் என்று எடுத்துப் போட மனசு வந்தது.

இல்லாத பாதத்தில் வலி வருவதைப் பற்றி முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அந்த பெஞ்சில்தான். பெருவிரல் முறுக்கிக்கொள்வது போல ராத்திரியில் எழுப்பிவிடும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து வீட்டில் மறைத்தேன். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர், "எனக்குக் குதிகால் அரிக்கும்க்கா, சொறிய இடம் இருக்காது" என்றார். கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வருமாம். அங்கிருந்த பிசியோ கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலது பாதத்தை அசைத்துக்கொண்டே அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். தமிழரான நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த முறை இது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. எனக்கு முறுக்கல் நன்றாகக் குறைந்தது. ஆனால் முதல் தடவை கண்ணாடியில் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

இவ்வளவு நல்லது செய்கிற இடத்தில் இரண்டு விஷயம் மாறியே ஆக வேண்டும். அளவெடுப்பது ஆண்கள் மட்டுமே, மறைப்புக்கு ஒரு பாதித் திரை. பொம்பளைகள் புடவையைத் தொடை வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. தளர்வான நைட்டியோ முழங்கால் வரை மடியும் பேண்ட்டோ கொண்டுபோங்கள். இரண்டாவது, மனநல ஆலோசகர் என்று ஒருவரும் இல்லை. பெஞ்சு எல்லோருக்கும் போதாது. தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் நின்றுபோனால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

என்னிடம் காலுக்குப் பணம் வாங்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமாகவும் செயற்கைக்கால் இலவசமாகக் கிடைக்கும், அடையாள அட்டையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூடத்துக்குப் போனாலும் பழுதுபார்க்கும் நாள் எது என்று போனில் கேட்டுவிட்டு, முடிந்தால் அன்றைக்கே அளவு கொடுக்கப் போங்கள். பழைய ஆட்கள் வருவது அன்றுதான். கூட வருகிறவரை ஒரு மணி நேரம் வெளியே டீக்கடையில் இருக்கச் சொல்லிவிடுங்கள். வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் மனசு திறந்து பேசமாட்டார்கள்.