சாமி கும்பிடாதவருக்கு ஊரில் யார் துணை: இயக்கமா, வாசகர் வட்டமா?

டெல்டாவில் ஊர் கூடுவது பெரும்பாலும் கோயிலை வைத்துத்தான். காப்புக் கட்டு, பால்குடம், தேர், மண்டகப்படி என்று வருஷம் ஓடும். சாமி கும்பிடாதவர் இதிலிருந்து ஒதுங்கினால் சாயங்காலப் பேச்சும், நல்லது கெட்டதுக்கு வரும் ஆட்களும் கூடவே ஒதுங்கிவிடுகிறார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இதற்கு நான்கு வழி உண்டு: ஊரோடு ஒட்டியே இருப்பது, அரிமா, ரோட்டரி மாதிரிச் சங்கங்கள், இயக்கக் கிளை, நூலக வாசகர் வட்டம். நான் தேர்ந்தெடுத்தது வாசகர் வட்டத்தை. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

ஊரோடு இருப்பவர்கள், கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியைக் கட்டிவிடுங்கள். சாமி செலவுக்குத் தர மனமில்லை என்றால் அன்னதானத்துக்கோ தண்ணீர்ப் பந்தலுக்கோ என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் வரியும் சுடுகாடும் பல ஊர்களில் இன்னும் சாதிவாரியாகத்தான். சாதியையும் சேர்த்து உதறியவருக்கு அங்கே நிற்க இடம் குறைவு. அரிமா, ரோட்டரி பற்றி வெளியிலிருந்து பார்த்ததுதான்: ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாமுக்கு நல்ல இடம், சந்தாவும் ஓட்டல் செலவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

இயக்கத்தின் பலம் பெரியது. திராவிடர் கழகமும் இடதுசாரி அமைப்புகளும் இந்த மண்ணில் வேர்விட்டவை. செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள், டிசம்பர் 24 நினைவுநாள், மறுநாள் வெண்மணி. 1968-ல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அந்த இடத்தில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். திருமணம் என்றால் வழி தயாராக இருக்கிறது: இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினால் அதுவே செல்லும், புரோகிதர் வேண்டாம். மணமக்கள் இருவரும் இந்துச் சட்டத்துக்குள் வருபவர்களாக இருந்தால் மட்டுமே இது. மதம் வேறென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னறிவிப்பைக் கணக்கிட்டுத்தான் மண்டபம் பிடிக்க வேண்டும்.

இடறுவது வீட்டுக்குள். கணவர் கழகத்துக்காரர், மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றுபவர் என்றால் கூட்டத்துக்குக் கணவர் மட்டும்தான் போவார். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் கட்சி உறுப்பினராவதைத் தடுக்கின்றன. வாசகர் வட்டத்தில் குடும்பமே வந்து உட்காரலாம், நம்பிக்கை உள்ளவரும் வரலாம்.

வட்டம் தொடங்க முதலில் கிளை நூலகரைப் பாருங்கள். வார விடுமுறை எது, மாலை எதுவரை திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யார் வீட்டிலும் வேண்டாம். ஒரு தெருவில் உள்ள வீட்டில் கூடினால் மறுதெருக்காரர் வரத் தயங்குவார், ஆறே மாதத்தில் அது சாதி வட்டமாகிவிடும். ஞாயிறு மாலை 4 மணி நல்ல நேரம்: முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும், 6 மணிக்குக் கலைந்தால் பெண்களும் மினி பஸ்ஸில் வருபவர்களும் இருட்டுக்கு முன் போகலாம். 8 முதல் 15 பேர் போதும், அதற்கு மேல் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தை, மாசி சம்பா அறுவடையிலும் ஆள் குறையும். அந்த மாதங்களுக்கு நாவல் வைக்காமல் இருபது பக்கச் சிறுகதை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். சிறப்புப் பேச்சாளர், பொன்னாடை, பேனர் என்று போனால் வட்டம் மேடையாகும், வந்தவர் பார்வையாளராகிவிடுவார். அழைப்பாளர் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றம்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் வட்டத்தின் உண்மையான சோதனை துக்க வீடு. புத்தகம் பேசுகிறவர்கள் அங்கே கைகட்டி ஓரமாக நின்றால் அந்தக் குடும்பம் மறுபடி பங்காளிகளிடம்தான் போகும். இயக்கத்தாரிடம் இதற்கு ஆள் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. வட்டம் அதை உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாதம் 50 ரூபாய் தனி உண்டியல். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, அமரர் ஊர்தி தருபவர்களின் எண்கள் எழுதிய அட்டை ஒவ்வொருவர் வீட்டிலும். தகவல் வந்ததும் ஒருவர் மருத்துவரிடம் இறப்புச் சான்று, ஒருவர் தேநீரும் தண்ணீர் கேனும், ஒருவர் வீட்டுப் பெண்களோடு. கண் கொடுப்பதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். உடல்தானம் என்றால் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் முன்பே படிவம் கொடுத்திருப்பது நல்லது. தஞ்சை, திருவாரூர், நாகையில் அரசுக் கல்லூரிகள் உண்டு. உடற்கூராய்வு செய்த உடலைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். படிவம் இருந்தாலும் வாரிசுகள் மறுத்தால் கல்லூரி கட்டாயப்படுத்தாது.

சிக்கல் அங்கேதான். பாடை கட்டும் நேரத்தில் பெரியப்பா ஒருவர் "கொள்ளி யாரு வைக்கிறது?" என்பார். பதினாறாம் நாள் காரியம் யார் செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அப்போது நாத்திகம் பேசினால் சண்டை. "அண்ணன் கையெழுத்துப் போட்டு எழுதி வச்சிருக்காங்க பெரியப்பா, நீங்களே படிங்க" என்று கடிதத்தை அவர் கையில் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். பதினாறாம் நாளில் படத்திறப்பு வைத்து அவரையே முதலில் பேச அழையுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: உடலை என்ன செய்வது, சடங்கு வேண்டாம், எந்த நாளில் நினைவேந்தல், இரண்டு சாட்சி. வாழ்க்கைத்துணைக்கும் மூத்த பிள்ளைக்கும் படித்துக் காட்டிவிட்டு ஒரு நகலை அழைப்பாளரிடம் கொடுங்கள். பீரோவில் பூட்டி வைத்த கடிதம் படத்திறப்பு அன்றுதான் கிடைக்கும்.

தனியாக வசிப்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர், சொந்தக்காரர்கள் ஏற்கெனவே முறைத்துக்கொண்டவர் என்றால் வட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். இருபது பேர் உடனே வந்து நிற்கும் இயக்கக் கிளையிலும் பெயர் கொடுத்து வையுங்கள்.