சிர்கானா, ரேனியமா? பழங்கடல் பாறைக்கு வயது பார்க்கும் இரண்டு வழிகள்

படிவுப்பாறைக்கு வயது சொல்வது எரிமலைப் பாறைக்குச் சொல்வதுபோல லேசில்லை. மணல் வேறெங்கிருந்தோ அடித்து வரப்பட்டது. அதை அளந்தால் கிடைப்பது தாய்ப்பாறையின் வயது. படிவு அதைவிட இளையது என்பதோடு சரி. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் ஆக்சிஜன் தலைகாட்டியதா என்று கேட்பவருக்கு அது போதாது.

படிவுகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் விழுந்திருந்தால் யுரேனியம்–ஈயம் முறைதான் ராஜா. சாம்பலில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணி உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. அதனால் இன்று உள்ளிருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238, யுரேனியம்-235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. ஈயம் கசிந்திருந்தால் இரண்டு வயதுகளும் முரண்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மணிகளில் பிழை 0.1 சதவீதத்துக்கும் கீழே. சிக்கல் என்னவென்றால், சாம்பல் நமக்கு வேண்டிய அடுக்கில்தான் விழுந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ரேனியம், ஆஸ்மியம் என்ற இரண்டு அரிய உலோகங்களை நம்பும் ரேனியம்–ஆஸ்மியம் முறை, சேறு இறுகி உண்டான, கரிமம் மிகுந்த கறுப்பு ஷேல் பாறையையே நேராக அளக்கிறது. ஆக்சிஜனற்ற அடிச்சேற்றில் கடல்நீரிலிருந்து இறங்கித் தங்கிய ரேனியம்-187, ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டு அரைவாழ்வோடு (பாதி சிதைய ஆகும் காலம்) ஆஸ்மியம்-187 ஆகிறது. பல மாதிரிகளின் ரேனியம், ஆஸ்மியம் விகிதங்களை வரைபடத்தில் இட்டால் ஒரு நேர்க்கோடு வரும். சாய்வு வயதைச் சொல்லும். கோடு அச்சைத் தொடும் இடம் அன்றைய கடல்நீரின் ஆஸ்மியம் விகிதத்தைச் சொல்லும். கண்டங்கள் கரைந்து ஆறுகள் கொண்டுவந்தது எவ்வளவு, கடலடி வெந்நீர் ஊற்றுகள் தந்தது எவ்வளவு என்று அதிலிருந்து ஊகிக்கலாம். சிர்கானிடம் இதைக் கேட்கவே முடியாது. துல்லியத்தில் மட்டும் இது பின்தங்கும்.

என் ஓட்டு, கடல் வேதியியல் என்று வந்தால், ரேனியத்துக்கே. காரணம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மெக்ரே ஷேல். அங்கே ஓர் அடுக்கில் மாலிப்டினம் என்ற உலோகம் எகிறியிருப்பதை, நிலப்பாறையிலிருந்து அதைக் கரைத்துக் கடலுக்கு அனுப்பிய ஆக்சிஜனின் முதல் வாடை என்று 2007-ல் ஒரு குழு சொன்னது. அந்த ஷேலின் ரேனியம்–ஆஸ்மியம் வயது 250.1 கோடி ஆண்டு, பிழை 80 லட்சம். பின்னாளில் திரவங்கள் புகுந்து உலோகங்களை இடம் மாற்றியிருந்தால் மாதிரிகள் கோட்டில் நிற்காமல் சிதறியிருக்கும். வயதோடு நம்பகச் சான்றிதழும் கிடைத்த மாதிரி. பக்கத்துச் சாம்பலில் இருக்கும் சிர்கானுக்கு ஷேலுக்குள் நடந்தது எதுவும் தெரியாது.

ஆனால் சான்றிதழுக்கும் ஓட்டை உண்டு. பாறை பிற்பாடு மாற்றமடைந்த தடயங்களைக் காட்டி, 2022-ல் வந்த மறுஆய்வு அந்த ஆக்சிஜன் வாடையையே மறுத்தது. திரவம் படிவு உண்டான பின் சில லட்சம் ஆண்டுகளிலேயே புகுந்திருந்தால், 80 லட்சம் ஆண்டுப் பிழைக்குள் அது ஒளிந்துகொள்ளும். கோடு அப்போதும் நேராகவே இருக்கும்.