பெப்பு நகரின் தகெகவாரா வெந்நீர்க் குளியலகம்

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள பெப்பு நகரில் 1879-இல் தொடங்கப்பட்டு, 1938-இல் கட்டப்பட்ட மரக் கட்டடத்தில் இன்றும் இயங்கும் இக்குளியலகம், தனி ஒருவர் நீராடும் இடமன்று. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில், ஆடை முழுவதையும் களைந்துவிட்டு, முன்பின் அறியாதவர்களோடு ஒரே தொட்டியில் அமரும் இடம். உடை மாற்றும் மேடைக்கும் கீழே உள்ள தொட்டிக்கும் இடையே தடுப்பில்லை. சில படிகள் மட்டுமே உண்டு.

ஆடையின்றி நீராடலாகாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு முதலில் கூச்சம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே எவரும் எவரையும் உற்றுப் பார்ப்பதில்லை. உடம்பைக் கழுவாமல் தொட்டியில் இறங்குவதுதான் அவர்களுக்கு மானக்கேடு. இந்த வழக்கமும் மாறாமல் வந்ததன்று: எடோ காலத்தில் (1603–1868) பல இடங்களில் இருபாலரும் சேர்ந்தே குளித்தனர், மேலைநாட்டார் இழிவாகக் கருதுவரே என்ற கவலையில் அதன்பின் வந்த மெய்ஜி பேரரசர் கால அரசு அதைத் தடுத்தது, 1872-இல் பச்சை குத்துவதையும் தடைசெய்தது. அத்தடை 1948-இல் நீங்கிய பின்னும், பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத குளியலகங்கள் பல உள்ளன. ஆகவே எங்கு சென்றாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மணற்குளியலே இங்கு தனிச் சிறப்பு. யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கி அணிந்து படுத்தவர்மேல் பணியாளர்கள் மண்வெட்டியால் சூடான மணலைக் கழுத்துவரை போட்டு மூடுகிறார்கள். அந்தக் கனம் உடம்புக்கு மிகுந்த இதமளிக்கிறது. தொட்டி நீர் நல்ல சூடு என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. துண்டும் சோப்பும் கையோடு கொண்டு செல்லுங்கள்.