சோற்றுக்குத் தலகணி: உமிக் கடகத்தோடு மூன்று மாரி

இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் எங்கள் வீட்டுக் குசினி மூலையில் ஒரு பெரிய கடகம், அதாவது பனையோலைக் கூடை, இருக்கிறது. உள்ளே உமி அடைத்த மெத்தை, மேலே உமி அடைத்த தலகணி. கொதித்த பானையை அதற்குள் இறக்கி மூடிவிட்டால் மிச்சத்துக்கு நெருப்புத் தேவையில்லை. தன் சூட்டில் தானே அவிந்துகொள்ளும். 2022 வைகாசியில் தைத்தது. இதைப் பார்க்கிறவர்கள் "உண்மையா அவியுமோ?" என்றுதான் கேட்கிறார்கள். அவியும். அது முதல் நாளே தெரிந்துவிட்டது. மூன்று மாரி பாவித்த பிறகு என்னிடம் சொல்ல இருப்பது அதற்கு மிஞ்சியது.

அந்த வருசத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 2021 ஐப்பசியில் 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அடுத்த சித்திரையில் 4,860. காசோடு வரிசையில் நின்றாலும் சில நாள் வெறுங்கையோடுதான் திரும்புவது. மண்ணெண்ணெயும் அப்படியே. வன்னியில் விறகுக்கு என்ன பஞ்சம் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். காட்டில் இருக்கிறதுதான். வெட்டி, கட்டி, சைக்கிளில் தள்ளிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டுமே. அம்மா மட்டும் அசையவில்லை. "உதென்ன தட்டுப்பாடு? சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில ஜாம் போத்தலுக்குள்ள திரி போட்டுத்தானே நீங்கள் படிச்சனியள்" என்றுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

என் பிரச்சினை விறகைவிட நேரம். வீட்டில் மெசின் வைத்துச் சட்டை, பிளவுஸ் தைக்கிறேன். அடுப்பில் கௌப்பி (தட்டைப்பயறு) வைத்தால் ஒரு பிளவுசுக்குக் கை பூட்டி முடிப்பதற்குள் மூன்று தரம் எழும்ப வேண்டும்: கொள்ளியைத் தள்ள, தண்ணீர் பார்க்க, பொங்கினால் மூடியைத் திறக்க. துணியில் கரிக்கை பட்டால் அந்தச் சட்டைக்காரிக்கு யார் பதில் சொல்வது?

யோசனை என்னுடையதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடான பிரித்தானியாவில் வைக்கோல் பெட்டிக்குள் பானையை வைத்து அவித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1867இல் பாரிஸ் கண்காட்சியில் நோர்வேக்காரர் ஒருவர் இப்படியொரு பெட்டியைக் காட்டியிருக்கிறார். குளிர் நாட்டு வித்தை எங்கள் வெயிலில் இன்னும் சுகமாக நடக்கும் என்று எனக்குப் பட்டது. சுற்றிலும் சூடு என்றால் பானை ஆறுவதும் மெதுவாகத்தானே.

முதலில் செய்த இரண்டும் பிழையாய்ப் போயின. மீன்காரரிடம் பழைய ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி வாங்கிக் கழுவி வைத்தேன். கொதிபானை பட்ட இடம் இளகிக் குழிந்தது, மீன் மணமும் போகவில்லை. அடுத்தது காட்போட் பெட்டியும் வைக்கோலும். சூடு நின்றது. ஆனால் ஆவியைக் குடித்த வைக்கோல் மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டில் வாசம் அடித்தது, சோறும் கூடவே. நாலாம் நாள் எலி.

பிறகுதான் உமி. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அந்தக் காலபோகம் பசளையில்லாமல் விளைச்சல் விழுந்த போகம். அப்படியிருந்தும் மில்லின் பின்பக்கம் உமி மலைபோலக் கிடந்தது. உமிக்குள் காற்று அடைபட்டு நிற்பதால் சூடு இலேசில் வெளியேறாது. சிலிக்கா நிறைய இருப்பதால் கெதியில் உக்காது. இரண்டு சாக்கு சும்மா அள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது அதே மில்லில் சாக்குக்குக் காசு. கோழி வளர்ப்பவர்களும் செங்கல் சூளைக்காரரும் முந்திவிடுகிறார்கள்.

நான் விட்ட முதற் பிழை, வந்த உமியை அப்படியே அடைத்தது. அதற்குள் நொய்யும் பதரும் கிடந்திருக்கிறது. ஒரு மாதத்தில் வண்டு, பிறகு திரும்பவும் எலி. மெத்தையைப் பிரித்து, உமியைச் சுளகில் புடைத்து, தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்டி மறுபடி அடைத்தேன். அதற்குப் பிறகு வண்டு வரவில்லை.

இரண்டாவது பிழை துணி. உள்பக்கத்துக்குப் பழைய சாரம் (லுங்கி) ஒன்றைப் போட்டேன். அது நைலோன் கலந்தது என்று கையில் தெரியவில்லை, பானையின் அடி பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. தனிப் பருத்தி மட்டும் போடுங்கள். மெல்லிய துணியென்றால் உமி முள்ளாகக் குத்தி வெளியே வரும். என்னுடையதில் உள்ளே பருத்திச் சாரம், வெளியே மாச்சாக்குத் துணி. நாலு அங்குலத் தடிப்பில் நீளமான பைகளாகத் தைத்து, குறுக்கே தையல் ஓடவிட்டேன். தையல் போடாவிட்டால் உமி எல்லாம் அடிக்கு இறங்கி, மேற்பக்கம் வெறுந்துணியாக நிற்கும். பானையின் அடியில் வைக்கோற்புரி ஒன்றைச் சுற்றி வைப்பேன். அடிக்கரி மெத்தையில் படாது.

செலவு என்று பார்த்தால் கடகம் மட்டும்தான், 1,200 ரூபாய். துணி வெட்டுத்துண்டு, நூல் வீட்டில் இருந்தது. மெசின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம், இரண்டு பின்னேரம் போகும்.

சமையலுக்கு வருவோம். மைத்துனர் பால் சேகரிக்கிற இடத்தில் வேலை செய்கிறார். அவரிடம் வெப்பமானி இரவல் வாங்கி ஒருநாள் முழுக்க அளந்தேன். மூன்று லீற்றர் பானை கழுத்துமட்டும் நிறைந்திருக்க, நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு 74 பாகை, ஆறு மணித்தியாலத்தில் 66. அதே பானை அரைவாசி மட்டும் இருந்தபோது நாலாம் மணியிலேயே 61. மூன்று வருசத்தில் நான் கற்ற முக்கியமான விசயம் இதுதான்: கடகம் நிறைபானைக்குத்தான் உழைக்கும். இரண்டு பேருக்குச் சமைக்கிற வீடென்றால் சின்னப் பானை, சின்னக் கடகம். பெரிய பானையில் கொஞ்சம் வைத்தால் வேகாது, பழுதாகவும் கூடும்.

கௌப்பிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரவு ஊறவிட்டு, காலையில் பத்து நிமிசம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியைத் திறக்காமல் இறக்கிவிட்டால் இரண்டரை, மூன்று மணித்தியாலத்தில் தோல் வெடிக்காமல் பூப்போல இருக்கும். முந்தி முக்கால் மணித்தியாலம் எரித்த விறகு இப்போது பத்து நிமிசத்தோடு சரி. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கடலைக்கு நாலு மணித்தியாலம் வேண்டும். பயறு ஒரு மணித்தியாலத்திலேயே குழைந்துவிடும், அதனால் பயறுக்கு ஐந்து நிமிசக் கொதியே அதிகம்.

சோறு கொஞ்சம் வில்லங்கம். எங்கள் வீட்டில் சோறு வடிக்கிற பழக்கம். கடகத்தில் வடிக்க முடியாது, தண்ணீரை அளந்துதான் விட வேண்டும். ஆவி போகாததால் அடுப்பில் விடுகிற தண்ணீர் இதற்குக் கூடிப்போகும். சிவப்புப் பச்சையரிசி ஒரு சுண்டுக்கு இரண்டு சுண்டு தண்ணீர், எட்டு நிமிசக் கொதி, ஒன்றேகால் மணித்தியாலம் கடகம். கஞ்சியோடு வெளியே போகிற பி விற்றமின் சோற்றிலேயே நிற்கும். உதிரியாக வராது, கொஞ்சம் ஒட்டும். சொதிக்கு நல்லது. மாமி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, சோத்துக்குத் தலகணி வைச்சு நித்திரையாக்கிறியோ?" என்றார். அவருடைய சோறு இன்னும் விறகடுப்பில்தான். ருசி வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

இலைக்கஞ்சிக்கு விடிய எழும்பி அரிசியையும் பயறையும் கொதிக்கவைத்துக் கடகத்தில் இறக்கினால் தானே வெந்துவிடும். அதற்குள் முசுட்டை, வல்லாரை, முருங்கையிலை இடித்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலோடு ஒரு கொதி காட்டினால் முடிந்தது. தேங்காய்ப்பாலைக் கடகத்துக்குள் வைக்கவே வேண்டாம். ஒருமுறை பால் விட்ட கத்தரிக்காய்க் கறியை வைத்துவிட்டு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனோம். பொங்கல் சனத்துக்குள் நேரம் போனதே தெரியவில்லை, வந்து திறந்தால் புளித்த மணம். முழுவதையும் குப்பைக்கிடங்கில் கொட்டினேன். 60 பாகைக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். அதனால் இப்போது சட்டம் ஒன்று வைத்திருக்கிறேன்: தயிருக்கு உறை விட்ட பாலைத் தவிர நாலு மணித்தியாலத்துக்கு மேல் கடகத்தில் எதுவும் இல்லை. எடுத்ததும் ஒருக்காக் கொதிக்கவைத்துத்தான் சாப்பாடு. இறைச்சியும் மீனும் நான் இதில் வைப்பதில்லை.

இன்னொன்று. கொழும்பிலிருந்து வந்த தங்கச்சி சிவப்பு ராஜ்மா கொண்டுவந்தாள். அந்த விதையில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிசம் கொதித்தால்தான் அது முறியும். இளஞ்சூட்டில் விட்டால் குறையாது, கூடவும் செய்யும். கடகம் என்பதே இளஞ்சூடு. அதனால் ராஜ்மாவை முழுக்க அடுப்பிலேயே அவித்தோம்.

புட்டு, இடியப்பம் இதில் நடக்காது, ஆவி ஓடினால்தான் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கு வேலை. குரக்கன் கஞ்சி கிண்டாமல் கட்டிபட்டுப்போகும்.

நான் எதிர்பாராதது தயிர். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டில் தயிர் ஒழுங்காக உறைந்ததே இல்லை. காய்ச்சிய பாலை விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, உறை விட்டு, சட்டியோடு கடகத்தில் வைத்தால் விடிய வெட்டி எடுக்கலாம். மாமி கடகத்தைத் தொடுவது இதற்கு மட்டும்தான்.

பெரிய குறை மாரிதான். ஐப்பசி பிறந்தால் மெத்தைக்கு வெயில் கிடையாது. ஒவ்வொரு தரமும் மூடியில் சொட்டுகிற ஆவி மெத்தைக்குள்தான் போகிறது. முதல் மாரியில் உள்துணியில் கறுப்புப் பூஞ்சணம் பூத்தது. இரண்டாம் மாரியிலிருந்து உள்துணியைக் கழற்றித் தோய்க்கக்கூடிய உறையாக்கி, இரண்டு உறை வைத்திருக்கிறேன். ஒன்று அடுப்புக்கு மேலே கொடியில் காயும். உமியையும் வருசம் ஒருமுறை, சிறுபோக வெட்டு முடிந்ததும் மாற்றிவிடுவேன். பழையது கத்தரிப் பாத்திக்குப் போகும். கடகத்தின் விளிம்பு நார் ஒருபக்கம் விட்டுவிட்டது. அதை வயரால் கட்டி வைத்திருக்கிறேன், பார்க்க அவ்வளவு வடிவில்லை.

உமி மிஞ்சியபோது பெயின்ற் வாளியில் உமி அடுப்பும் ஒன்று செய்தேன். புகையில் கண் போச்சு. அதைப்பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிறகு காஸ் கிடைக்கத் தொடங்கியது, வரிசையும் போனது. கடகத்தை இனிக் கைவிடுவாயா என்று கேட்டார்கள். கிழமைக்கு நாலு நாளாவது அது வேலை செய்கிறது. பானையை இறக்கிவிட்டு மெசினில் இருந்தால் மத்தியானம்வரை எழும்பத் தேவையில்லை, வேறு காரணம் எனக்கு வேண்டாம். ஆனால் இந்தக் கிழமை அது என் கையில் இல்லை. போன வெள்ளிக்கிழமைக்கு முதல் கிழமை தலகணியை வெயிலில் போட்டுவிட்டுக் கடகத்தைத் திறந்தபடி விட்டேன். கறுப்புக் கோழிப்பேடு ஏறி உள்ளே இருந்துகொண்டது. கலைத்துப் பார்த்தேன், கையைக் கொத்தியது. மாமி என்னைக் கேட்காமலே ஒன்பது முட்டையை அடைக்கு வைத்துவிட்டார். இன்றைக்குப் பதினோராம் நாள். இன்னும் பத்து நாளைக்குக் கௌப்பி விறகடுப்பில்தான்.