சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்: உடல்வழியாக மன அதிர்ச்சியை அணுகும் சிகிச்சை

நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தாமலேயே மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் முறை ஒன்று உண்டு என்று என் பிசியோதெரபிஸ்ட் கூறியபோதுதான் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். சாலை விபத்தில் முறிந்த எலும்பு கூடிய பின்னரும், பின்னால் லாரி ஹாரன் ஒலித்தால் என் தோள்கள் இறுகி, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். பேச்சுவழி ஆலோசனையில் விபத்தைப் பற்றிச் சொன்ன நாள்களிலோ இரவில் உறக்கமே வராது. அந்த நிலையில், சென்னையில் இம்முறையைப் பயின்ற ஓர் உளவியலாளரிடம் சில மாதங்கள் சிகிச்சை பெற்றேன்.

அமெரிக்கரான பீட்டர் லெவின் 1970-களிலிருந்து உருவாக்கிய முறை இது. ஆபத்து நேரும்போது தப்பி ஓடவோ எதிர்க்கவோ உடல் திரட்டிய வேகம், வெளிப்பட வழியின்றி உறைந்துபோனால், ஆபத்து நீங்கிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்காது என்பது அவரது அடிப்படைக் கருத்து. ஆகவே சிகிச்சை நினைவிலிருந்து அல்லாமல் உடலின் உணர்விலிருந்து தொடங்குகிறது.

முதல் அமர்வில் விபத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. பாதங்கள் தரையில் பதிந்திருப்பதையும் நாற்காலி முதுகைத் தாங்குவதையும் உணரச் சொன்னார் என் உளவியலாளர். அறையில் கண்ணுக்கு இதமாக எது இருக்கிறதோ அதைப் பார்க்கச் சொன்னார். பிந்தைய அமர்வுகளில் விபத்தின் ஒரு சிறு துணுக்கை, அதுவும் மோதலுக்கு வெகு முந்தைய கணத்தை மட்டும் தொட்டுவிட்டு, நெஞ்சு இறுகத் தொடங்கிய உடனேயே என் கவனத்தைப் பாதங்களுக்குத் திருப்பினார். இறுக்கத்துக்கும் இதத்துக்கும் இடையே இவ்வாறு மாறி மாறிச் சென்று வருவதும், அச்சத்தைத் தாங்கக்கூடிய சிறு அளவுகளில் மட்டுமே அணுகுவதும்தான் இம்முறையின் உயிர்நாடி. ஒரு நாள் என் கைகள் தாமாகவே முன்னே எழுந்தபோது, எதையோ தள்ளுவது போன்ற அந்த அசைவை மிக மெதுவாகச் செய்து முடிக்கச் சொன்னார். முடித்ததும் கைகள் நடுங்கின, கண்ணீர் வந்தது, பிறகு நீண்ட பெருமூச்சுடன் தோள்கள் இறங்கின. ஹாரன் ஒலி இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் மூச்சு நின்றால் அதை மீட்கத் தெரிகிறது.

தோளில் கை வைக்க வேண்டியிருந்த ஒவ்வொரு முறையும் அவர் அனுமதி கேட்டார். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட்டார். உடல்வழிச் சிகிச்சையில், குறிப்பாகப் பெண்களுக்கு, இதைச் சலுகையாகக் கருதக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இம்முறை புதிதன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்களில் உயிர் பிழைத்தவர்களுக்கு இது வழங்கப்பட்டது. 8 மாதங்களுக்குப் பிறகும் பெரும்பாலோரின் அறிகுறிகள் குறைந்திருந்ததாக 2008-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாது. இஸ்ரேலில் 63 பேரிடம் ஒப்பீட்டுக் குழுவுடன் நடத்தி, 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. ஆயினும் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகள், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும், மன அழுத்த மேலாண்மையும்தான். எனவே இதுவே ஒரே வழி என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இம்முறையின் முழுப் பயிற்சி 3 ஆண்டுகள் நீள்வது. உளவியல் பட்டம் இல்லாதவர்களும் அதில் சேரலாம். ஆதலால், சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பதைத் தனியே விசாரித்து அறிய வேண்டும். ஒரே அமர்வில் அனைத்தையும் வெளியேற்றிவிடுவதாகக் கூறி அழவும் நடுங்கவும் தூண்டுபவர்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இடையில் நிறுத்தத் தெரியாதவரிடம் இம்முறை பாதுகாப்பானதன்று.

கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். இரு வாரங்களுக்கு ஒருமுறை சென்றும் எனக்குப் பயன் கிடைத்தது. தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் இதற்காகக் காத்திராமல் முதலில் மனநல மருத்துவரை அணுக வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.